வடசென்னைக்குப் படிக்க வருகிறீர்களா? முதலில் பாஸ், அப்புறம் ஊர் சுற்றல்

போளூரிலிருந்து இரண்டு பையும் ஒரு பாயுமாக விம்கோ நகர் சித்தி வீட்டில் வந்து இறங்கியபோது எனக்கு வடசென்னையைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்: கல்லூரி பிராட்வே பக்கம், வீடு திருவொற்றியூர் தாண்டி. நடுவில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை மூன்று வருடம் காலையும் மாலையும் கடந்திருக்கிறேன். முதல் நான்கு மாதம் கட்டத் தேவையே இல்லாத காசைக் கட்டினேன். ஒருமுறை அபராதமும் கட்டினேன். இந்த வருடம் தங்கையும் அவளுடைய தோழிகள் இரண்டு பேரும் இதே பக்கம் படிக்க வருகிறார்கள். அவர்களுக்குப் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் இதை எழுதுகிறேன். வரிசைப்படி செய்தால் முதல் பத்து நாளில் வேலை முடிந்துவிடும்.

1. அறை பார்க்கும் முன்னால் ரயில் பாதையைப் பாருங்கள்

வாடகை குறைவு என்று அறையைப் பிடித்துவிட்டு, பிறகு எப்படிப் போவது என்று யோசிக்காதீர்கள். வடக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வரும் புறநகர் ரயில் மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், வ.உ.சி. நகர், தண்டையார்பேட்டை வழியாகக் கொருக்குப்பேட்டை வரை ஒரே பாதையில் வருகிறது. அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கை பேசின் பிரிட்ஜ் வழியாகச் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்துக்குப் போகும். இன்னொரு கை வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரை நிலையத்துக்குப் போகும். அதை இங்கே யாரும் கடற்கரை என்று சொல்ல மாட்டார்கள், பீச் ஸ்டேஷன்தான்.

இந்தப் பிரிவை மனதில் பதியவைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதித் தொல்லைகளுக்கு வேர் இதுதான்.

எல்லா வண்டியும் பீச்சுக்குப் போகாது. நிறைய வண்டிகள் மூர் மார்க்கெட்டோடு நின்றுவிடும். ஏறும்போது முகப்பில் எழுதியிருக்கும் ஊரைப் பாருங்கள், அறிவிப்பைக் காதில் வாங்குங்கள். தவறி மூர் மார்க்கெட் வண்டியில் ஏறிவிட்டால் கொருக்குப்பேட்டையில் இறங்கி அடுத்த பீச் வண்டிக்குக் காத்திருக்கலாம். கையில் நேரமில்லை என்றால் சென்ட்ரல் வரை போய் அங்கிருந்து பஸ் பிடிப்பது மேல்.

2. எந்தப் பாஸ், எவ்வளவு

தினமும் டிக்கெட் எடுத்தால் விம்கோ நகரிலிருந்து பீச்சுக்கு ஒரு தடவைக்கு 5 ரூபாய். போய்வர 10. சின்னத் தொகைதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாதம் 25 நாள் போனால் 250 ஆகிறது. அதே தூரத்துக்கு மாத சீசன் டிக்கெட், அதாவது பாஸ், 100 ரூபாய். மூன்று மாதப் பாஸ் மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு, அதாவது 270. மீஞ்சூர், பொன்னேரி என்று தூரம் கூடக்கூடக் கட்டணமும் ஏறும்.

இது எல்லோருக்குமான கணக்கு. மாணவர் கணக்கு வேறு, அதை யாரும் வலிய வந்து சொல்ல மாட்டார்கள். பட்டப்படிப்பு முடியும்வரை பெண்களுக்கும், பிளஸ் டூ வரை ஆண்களுக்கும், வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். ஆமாம், இலவசம். மற்ற மாணவர்களுக்கு, அதாவது கல்லூரியில் படிக்கும் பையன்களுக்கும் முதுகலை படிக்கும் பெண்களுக்கும், பாதிக் கட்டணம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி. வயது வரம்பு உண்டு: பொதுவாக 25, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 27.

நான் பி.எஸ்சி. சேர்ந்த முதல் நான்கு மாதம் இது தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் பாஸ் எடுத்தேன். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கேட்டபோது, "அதெல்லாம் ஸ்கூல் பசங்களுக்குத்தாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். பெண்கள் பெட்டியில் தினமும் எதிரில் உட்காரும் ஒரு அக்கா, நர்சிங் படித்தவர், தன் பாஸை எடுத்துக் காட்டிய பிறகுதான் விழித்துக்கொண்டேன். மறுநாள் அதே அலுவலகத்தில் வேறு ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தார். ஆகவே ஒருவர் இல்லை என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். "ரயில்வே மாணவர் சலுகைப் படிவம்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே "பாஸுக்கு லெட்டர் வேண்டும்" என்று கேட்டால், இங்கே படிக்கிறார் என்று மட்டும் சொல்லும் போனஃபைடு சான்றிதழை நீட்டிவிடுவார்கள். அது மட்டும் போதாது.

3. காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: சலுகைப் படிவம், போனஃபைடு சான்றிதழ், கல்லூரி அடையாள அட்டை, ஆதார், இவற்றின் நகல் இரண்டிரண்டு, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் நான்கு. சலுகை பெறும் பிரிவாக இருந்தால் சாதிச் சான்றிதழ் நகலும் வேண்டும்.

படிவத்தில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, பிறந்த தேதி ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். இரண்டாவது, முதல்வரின் கையெழுத்தோடு கல்லூரி முத்திரை தெளிவாக விழுந்திருக்க வேண்டும். மை காய்ந்த முத்திரையால் நான் ஒருநாள் வீணாகத் திரும்பி வந்தேன். மூன்றாவதுதான் பெரிய விஷயம்: எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன் வரை என்ற இடம். வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன், கல்லூரிக்குப் பக்கத்து ஸ்டேஷன் என்று யோசித்து எழுதச் சொல்லுங்கள். அலுவலகத்தில் பழக்கதோஷத்தில் எல்லோருக்கும் "சென்ட்ரல்" என்று எழுதிவிடுவார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஆதாரில் ஊர் முகவரிதான் இருக்கும். எனக்கும் போளூர் முகவரி. "நீ விம்கோ நகரில் இருக்கிறாய் என்பதற்கு என்ன சாட்சி?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். சித்தப்பா பெயரில் இருந்த கேஸ் பில் நகலையும், இன்னார் என் வீட்டில் தங்கிப் படிக்கிறார் என்று அவர் கையெழுத்திட்ட ஒரு தாளையும் கொடுத்தேன், ஒப்புக்கொண்டார்கள். விடுதி அல்லது வாடகை அறை என்றால் வார்டனிடமோ வீட்டுக்காரரிடமோ இதே போல ஒரு தாள் வாங்கி வையுங்கள். வாங்கும்போது வீட்டுக்கார அம்மாவுக்கு இது எதற்கென்று விளக்கிவிடுங்கள். கையெழுத்து என்றாலே சிலர் பயப்படுவார்கள்.

கல்லூரியில் கையெழுத்தாகி வர எனக்கு ஐந்து வேலை நாள் ஆனது. அட்மிஷன் நேரத்தில் இன்னும் இழுக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே படிவத்தைக் கேட்டுவிடுங்கள்.

4. கவுண்டரில்

சாதாரணப் பாஸை ரயில்வேயின் ரயில்ஒன் செயலியிலேயே எடுத்துவிடலாம். மாணவர் சலுகைக்குக் காகிதம் நீட்ட வேண்டியிருப்பதால் நான் கவுண்டரில்தான் எடுத்தேன். காலை எட்டரை மணிக்குப் போய் நிற்காதீர்கள், பின்னால் நிற்பவர்களின் வண்டி போய்விடும், உங்களைத் திட்டுவார்கள். நியாயமான திட்டுதான். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் கூட்டமே இருக்காது, உள்ளே இருப்பவரும் நிதானமாகப் படிவத்தைப் படிப்பார்.

முதல் தடவை புகைப்படம் ஒட்டிய சீசன் அடையாள அட்டை ஒன்று கொடுப்பார்கள். அந்த அட்டையின் எண்ணைப் பாஸில் பேனாவால் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பரிசோதகர் கேள்வி கேட்பார். பாஸ் கையில் வந்ததும் நகராமல் அங்கேயே நின்று மூன்றைப் படியுங்கள்: பெயர், ஸ்டேஷன்கள், முடியும் தேதி. தேதியைக் கைப்பேசியில் மூன்று நாள் முன்னதாக அலாரம் வைத்துவிடுங்கள். நான் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் புதுப் படிவம் வாங்கிப் போனேன், அதனால் பாஸ் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே கல்லூரி அலுவலக வாசலில் நிற்பது வழக்கமாகிவிட்டது.

காசு கொடுத்து எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று மாதப் பாஸ் லாபம்தான், ஆனால் செமஸ்டர் விடுமுறைக்கு முன்னால் எடுத்தால் ஒரு மாதம் பாழ். ஜூலையிலும் ஜனவரியிலும் எடுங்கள், நவம்பரில் வேண்டாம்.

5. மாட்டிக்கொள்ளும் இடங்கள்

நான் மாட்டியது இப்படி. முதல் பாஸ் விம்கோ நகர்–சென்ட்ரல் என்று எடுத்திருந்தேன். ஒருநாள் பீச் வண்டி முதலில் வந்தது. எல்லாம் ஒரே ரயில்தானே என்று ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, தைரியமாகப் பாஸை நீட்டினேன். பரிசோதகர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொருக்குப்பேட்டை வரைக்கும்தாம்மா இது செல்லும், அதுக்கப்புறம் டிக்கெட் எங்கே?" என்றார். டிக்கெட் இல்லாத பயணத்துக்கு அபராதம் குறைந்தது 250 ரூபாய், அதோடு கட்டணமும். அன்று பையில் இருந்தது 180. சித்தப்பாவுக்குப் போன் போட்டு, அவர் ஜிபே செய்து, நான் யாரிடமோ பணமாக மாற்றிக் கட்டினேன். பரிசோதகர் மேல் குற்றமில்லை, பாஸைப் படிக்காதது என் தப்பு.

பாஸை வீட்டில் மறந்துவிட்டு வந்தாலும் டிக்கெட் இல்லாத கணக்குதான். கைப்பேசியில் எடுத்த படம் செல்லாது. மறந்த நாளில் ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்துவிடுங்கள். தொலைத்துவிட்டால் நகல் கிடையாது, பணமும் திரும்பாது. கல்லூரிப் பையில் ஒரே இடத்தில் வையுங்கள், தினமும் பர்ஸ் மாற்றுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

செயலியில் காகிதமில்லா டிக்கெட் எடுப்பவர்கள் ஸ்டேஷனுக்கு வெளியே நின்றே எடுக்க வேண்டும். நடைமேடைக்குப் போய்விட்டு எடுக்கலாம் என்றால் செயலி இடத்தைக் கண்டுபிடித்து மறுத்துவிடும். பரிசோதகரைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுக்கும் கெட்டிக்காரர்களுக்காகச் செய்த ஏற்பாடு. நேர்மையானவர்களும் வண்டி வரும் சத்தம் கேட்டு ஓடும்போது இதில் சிக்குகிறோம்.

முதல் வகுப்புப் பெட்டியில் காலியாக இருக்கிறதே என்று ஏறாதீர்கள். இந்தப் பாஸை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸிலும் ஏறாதீர்கள்.

6. எந்தப் பெட்டி

பெண்கள் பெட்டி எங்கே நிற்கும் என்பதை முதல் இரண்டு நாளில் கவனித்து, நடைமேடையில் ஒரு தூணை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். கதவோரம் நிற்பதாக இருந்தால் திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் உள்ளே வரும் கூட்டத்துக்கு வழிவிட்டு நில்லுங்கள், இல்லையென்றால் கொருக்குப்பேட்டையில் நீங்கள் நினைக்காமலேயே இறங்கியிருப்பீர்கள்.

நீங்கள் எதிர்பார்க்காதது இந்தப் பெட்டியின் ருசி. பூக்கட்டிக்கொண்டே வரும் அக்காக்கள், எதிரில் இருப்பவருக்கு நூல் கண்டைப் பிடிக்கக் கொடுப்பார்கள். நான் மல்லி கட்டக் கற்றது விம்கோ நகருக்கும் ராயபுரத்துக்கும் நடுவில்தான். டிபன் பாக்ஸ் திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வாய் கொடுக்காமல் சாப்பிட விடமாட்டார்கள். பரீட்சை நாளில் நோட்டை வைத்துக்கொண்டு முணுமுணுத்தால், "பேசாம இருங்கடி, பாப்பா படிக்குது" என்று யாராவது அதட்டி மொத்தப் பெட்டியையும் அடக்குவார்கள்.

மீன் கூடையோடு வருபவர்களுக்கு வியாபாரிகள் பெட்டி தனியாக இருக்கிறது. ஒருநாள் ஓடிவந்து அதில் ஏறிவிட்டேன். கருவாட்டுக் கூடை வைத்திருந்த ஆயா, "நவுந்து உக்காரு கண்ணு, துணில பட்டுடப் போவுது" என்று கூடையைத் தன் காலுக்கிடையில் இழுத்துக்கொண்டார். இறங்கும்போது ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டைக் கையில் திணித்தார். காசு வாங்கவில்லை. அன்று வகுப்பில் என் பெஞ்சில் நான் மட்டும்தான்.

7. பஸ்

வெள்ளைப் பலகை போட்ட சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணமில்லை. முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்திருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். பாஸ், அடையாள அட்டை எதுவும் வேண்டாம். ஆனால் நடத்துநரிடம் அந்தக் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள். சொகுசுப் பஸ்ஸில் ஏறினால் காசு உண்டு. அவசரத்தில் ஏறிவிட்டு "பொம்பளைங்களுக்கு ஃப்ரீதானே" என்று நடத்துநரிடம் சண்டை போடுகிறவர்களை வாரம் ஒருமுறை பார்ப்பீர்கள்.

பையன்களுக்கு: அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்றால் இலவசப் பஸ் பாஸ் கல்லூரி மூலமாகவே வரும். புகைப்படத்தைக் கேட்ட அன்றே கொடுங்கள். வகுப்பில் ஒருவர் கொடுக்காவிட்டால் மொத்தக் கட்டும் அலுவலகத்திலேயே தூங்கும். தனியார் கல்லூரி என்றால் என்ன சலுகை உண்டென்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் பாஸே மலிவு என்பது என் கணக்கு.

நேரம்தான் பஸ்ஸின் பலவீனம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிச் சாலையிலும் வரிசை கட்டிவிட்டால் இருபது நிமிடப் பாதை ஒரு மணி நேரமாகும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் ஆட்டோவில் மாட்டினால் இன்னும் மோசம். பரீட்சை நாளில் பஸ்ஸை நம்பாதீர்கள்.

8. மெட்ரோ

விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்தது. சுத்தம், குளிர், நேரத்துக்கு வரும். விலைதான் மாணவருக்கு இடிக்கும். 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் 50. விம்கோ நகரிலிருந்து மண்ணடிக்கு 30 ரூபாய். க்யூஆர் டிக்கெட்டோ அட்டையோ என்றால் 20 சதவீதம் குறைந்து 24. தினமும் போய்வந்தால் மாதம் 1,200 ரூபாய். எனக்கு அது சித்தி வீட்டுக்கு நான் கொடுத்த சாப்பாட்டுக் காசில் பாதி.

சிங்காரச் சென்னை அட்டை ஒன்றை வாங்கி நூறு ரூபாய் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ நிலையத்திலேயே கிடைக்கும், மாநகரப் பஸ்ஸிலும் செல்லும். ரயில் காலை வாரிய நாளுக்கும், இரவு தாமதமாகும் நாளுக்கும் அது போதும்.

9. மழை நாள்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பையில் ஒரு பிளாஸ்டிக் உறை கூடுதலாக இருக்கட்டும், காகிதங்களுக்கு. பெருமழை பெய்தால் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடிப் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வண்டி நிற்கும். சுரங்கப்பாதைகள் நிரம்பும். அப்படிப்பட்ட நாளில் மாலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுங்கள், மெட்ரோ அட்டைக்கு அன்றுதான் வேலை.

10. பாஸ் கையில் வந்ததும்

இதற்குத்தான் இத்தனை பாடு. பாஸில் எழுதியிருக்கும் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் எங்கே வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். விம்கோ நகர்–பீச் பாஸ் என்றால் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் எல்லாம் உங்களுடையவை. காசில்லாத மாதக் கடைசியில்தான் நான் அதிகம் சுற்றியிருக்கிறேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்குள் போங்கள். ராயபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. எட்டு மணிக்குப் போனால் கூட்டம்தான் இருக்கும், ஏலம் இருக்காது. செருப்பு ரப்பராக இருக்கட்டும், நல்ல சுடிதார் வேண்டாம். வாங்குவதென்றால் முதலில் ஒரு சுற்று சும்மா நடந்துவிட்டு, இரண்டாவது சுற்றில் விலை கேளுங்கள். மீன் வெட்டுக் கூலி தனி, அதையும் முன்கூட்டியே கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது விலை ஏறிக் கிடக்கும், வேடிக்கை பார்க்க மட்டும் போகலாம். வாங்கிய மீனோடு பெண்கள் பெட்டியில் ஏறாதீர்கள், வியாபாரிகள் பெட்டி எதற்கு இருக்கிறது?

கடற்கரை என்றதும் மெரினா மாதிரி மணலை நினைத்து வராதீர்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையோரம் பல இடங்களில் கருங்கல் கொட்டியிருக்கும். பாசி படிந்த கல்லில் கால் வைக்க வேண்டாம். மேலே காய்ந்த கல்லாகப் பார்த்து உட்கார்ந்தால், துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும் கப்பல்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள்.

அத்தோ. பீச் ஸ்டேஷனுக்கு எதிரில் பர்மா பஜார், அதன் பின்னால் இருக்கும் தெருவில் மாலை ஐந்து மணிக்கு மேல் தள்ளுவண்டிகள் நிற்கும். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. மஞ்சள் நூடுல்ஸோடு முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், வறுத்த பூண்டு, நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு வடை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப் வரும், தீர்ந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லலாம். முதல் தடவை "காரம் கம்மி அண்ணே" என்று சொல்லிவிடுங்கள். முட்டையைக் கீறி உள்ளே வெங்காயமும் பூண்டும் வைத்துத் தருவதை விடாதீர்கள். இரண்டு பேர் ஒரு அத்தோ, ஆளுக்கு ஒரு முட்டை: எங்கள் சனிக்கிழமைக் கணக்கு இதுதான். பரீட்சைக்கு முந்தைய நாள் மட்டும் வேண்டாம்.

ரெக்கார்டு நோட்டு, ஏ4 கட்டு, ப்ராஜெக்ட் அட்டை எல்லாம் ஆண்டர்சன் தெருவில் வாங்குங்கள். கல்லூரி வாசல் கடையைவிட மலிவு, ஆனால் மொத்தமாகக் கொடுக்கும் கடைகள்தான் அதிகம். வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து போங்கள். உடைக்குப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் அங்கே கால் வைக்க முடியாது, ஆடித் தள்ளுபடியில் போங்கள். வாங்கிய துணியைக் கடையிலேயே விரித்து வெளிச்சத்தில் பாருங்கள்.

சித்தியோடு வடிவுடையம்மன் கோயிலுக்குப் பௌர்ணமி வெள்ளி ஒன்றில் போனேன். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிப் பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பது இங்கே வழக்கம். மேலூருக்கு மீஞ்சூரில் இறங்க வேண்டும், அது என் பாஸுக்கு வெளியே. இந்தத் தடவை டிக்கெட் எடுத்தேன்.

மாலை வெயில் தாழ்ந்ததும் தெருவில் கேரம் போர்டைச் சுற்றி நாலு பேர் குனிந்திருப்பதைப் பார்க்கலாம். நின்று பாருங்கள், யாரும் விரட்ட மாட்டார்கள். விளையாடக் கூப்பிட்டால் மட்டும் யோசித்துச் சரி சொல்லுங்கள். 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். நான் ஒரு பத்து வயதுப் பையனிடம் தோற்றேன், ஒரு காய் கூடப் போடாமல்.

11. ஊருக்குப் போக

விடுமுறைக்கு ஊர் போகவும் இதே போன்ற மாணவர் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பாதி, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதம். அதற்குத் தனிப் படிவம், அதே அலுவலகம், அதே முத்திரை. பொங்கலுக்கு வேண்டுமென்றால் டிசம்பர் நடுவிலேயே கேளுங்கள்.

திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்களுக்கு வடசென்னையில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து பீச் ஸ்டேஷனிலிருந்தே மாலை 6 மணிக்கு அரக்கோணம், காட்பாடி, வேலூர், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் போகிறது. தொடங்கியபோது கடைசி வரைக்கும் கட்டணம் 50 ரூபாய். கிளாம்பாக்கம் போய்ப் பஸ் பிடிக்கும் செலவில் நான் இதில் இரண்டு தடவை ஊருக்குப் போய்விடுவேன். முன்பதிவு இல்லாத வண்டி. வெள்ளிக்கிழமை என்றால் ஐந்தேகாலுக்கே நடைமேடையில் இருங்கள், ஜன்னல் கிடைக்கும். போளூர் வரும்போது இரவு பதினொரு மணி வாக்கில் ஆகிவிடும், வீட்டில் யாரையாவது ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டு ஏறுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

ஊருக்குக் கருவாடு வாங்கிப் போவதாக இருந்தால் செய்தித்தாளில் சுற்றி, மூன்று பிளாஸ்டிக் உறை போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடிச்சுப் போடுங்கள். நான் ஒரே உறையில் கொண்டு போனேன். காட்பாடி வரை எனக்குக் கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது.